கண்ணை வெளியே எடுத்துப் பார்ப்பார்களா?

கரும்பலகையில் டீச்சர் எழுதுவதைப் பக்கத்தில் இருப்பவரின் நோட்டைப் பார்த்து எழுதுகிறவர்கள் யார் யார்? கை தூக்க வேண்டாம், நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. பஸ் நம்பரைக் கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்கிறவர்கள்? டி.வி.க்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டு திட்டு வாங்குகிறவர்கள்? பள்ளிக்கு வந்த கண் பரிசோதனை முகாமில் "கண் மருத்துவரிடம் காட்டவும்" என்று எழுதிக் கொடுத்த சீட்டை, அரையாண்டுத் தேர்வு முடியட்டும், பொங்கல் போகட்டும், பெரிய லீவு வரட்டும் என்று தள்ளிக்கொண்டே போகிறவர்கள்? இந்தப் பேச்சு உங்களுக்குத்தான்.

என் அண்ணன் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பேரைப் போட்டால் என்னோடு பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் இங்கே அவள் வெறும் "பாப்பா". அவளுக்குக் கொடுத்த சீட்டு ஜாமெட்ரி பாக்ஸுக்குள் பாகைமானிக்கு அடியில் நான்காக மடிந்து கிடந்தது. அண்ணி பென்சில் சீவப் போய் அதைக் கண்டுபிடித்தார். அண்ணனுக்கு அன்று டூட்டி. ஆகவே மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் வேலை சித்தப்பாவான என் தலையில் விழுந்தது.

பஸ்ஸில் ஏறியதுமே ஆரம்பித்தாள்.

"சித்தப்பா, ஊசி போடுவாங்களா?"

"மாட்டாங்க."

"கண்ணை வெளிய எடுத்து, கழுவிப் பார்த்துட்டு, திரும்ப உள்ள வைப்பாங்களாமே?"

"யாரு சொன்னா?"

"எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு. அவ கண்ணாடி போட்டிருக்கா சித்தப்பா, அவளுக்குத் தெரியாதா?"

இந்தக் கதை நான் படித்த காலத்திலும் இருந்தது. இன்னும் சாகவில்லை. கண்ணை வெளியே எடுக்க முடியாது. ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் எலும்புக் குழிக்குள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. பின்பக்கம் பார்வை நரம்பு நேரே மூளைக்குப் போகிறது. அதை அறுத்தால் திரும்ப ஒட்ட இன்று வரை வழியில்லை. பரிசோதனைக்காக எந்த டாக்டரும் அதன் பக்கமே போக மாட்டார்.

ஆனால் பயம் பொய்யில்லை. கண்ணின் முன்பக்கம் இருக்கும் கார்னியா என்ற கண்ணாடி போன்ற படலம் அரை மில்லிமீட்டர் கனம்தான். அதற்குள் வலி நரம்புகளின் முனைகள் உடம்பில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு நெருக்கமாக இருக்கின்றன. சின்னத் தூசி விழுந்தாலே பெரிய கல் விழுந்ததுபோல் துடிப்பது அதனால்தான். ஏதாவது கண்ணை நோக்கி வந்தால் நாம் யோசித்து முடிப்பதற்குள் இமை மூடிவிடும். கண்ணுக்குப் பக்கத்தில் வருவதைப் பார்த்துப் பயப்படும்படிதான் உடம்பு அமைந்திருக்கிறது. எனவே "பயப்படாதே" என்று சொல்லிப் பயனில்லை. "ஒண்ணுமே இருக்காது" என்று பெரியவர்கள் சொல்வதும் எனக்குப் பிடிக்காது. சில விஷயங்கள் கொஞ்சம் எரியும், கொஞ்சம் கூசும். எது எரியும், எது எரியாது, எதற்காகச் செய்கிறார்கள் என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் போயிற்று.

பயத்தில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. பயந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். கூடவே கண்பாவையும் விரியும். கருவிழி நடுவில் இருக்கிற கறுப்பு வட்டம்தான் கண்பாவை. ஆக, கண் டாக்டரிடம் போய்ப் பயமே இல்லை என்று நடிப்பது கொஞ்சம் சிரமம்.

மருத்துவமனைக்குள் போகும் முன், கண்ணை இடுக்குகிறீர்களே, அந்த விஷயத்தைப் பார்த்துவிடலாம். ஒரு தடித்த அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போடுங்கள். தூரத்தில் மங்கலாகத் தெரியும் எழுத்தை அந்தத் துளை வழியாகப் பாருங்கள். கிட்டப்பார்வை உள்ளவராக இருந்தால் எழுத்து சட்டென்று தெளியும். சூரியனை மட்டும் இப்படிப் பார்த்துவிடாதீர்கள், எந்தத் துளை வழியாகவும் கூடாது.

ஏன் தெளிகிறது? தூரத்திலிருக்கும் ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி கண்பாவையின் முழு அகலத்திலும் நுழைகிறது. கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரையில் அது மறுபடி ஒரே புள்ளியாகச் சேர வேண்டும். கிட்டப்பார்வைக் கண்ணில் விழித்திரைக்கு முன்னாலேயே சேர்ந்துவிடுகிறது. சேர்ந்தபின் விரிந்து, விழித்திரையில் ஒரு வட்டமாக விழுகிறது. எழுத்தின் ஒவ்வொரு புள்ளியும் இப்படி வட்டமானால் எழுத்து கலங்காமல் என்ன செய்யும்? துளை வழியாகப் பார்க்கும்போது ஒல்லியான ஒளிக்கற்றை மட்டும் நுழைவதால் அந்த வட்டம் சுருங்கிவிடுகிறது. இமைகளை இடுக்கினாலும் இதேதான் நடக்கிறது. கண் மருத்துவமனையில் துளைகள் போட்ட ஒரு கறுப்புத் தகடு வைத்திருப்பார்கள். அதன் வழியாகப் பார்த்து எழுத்து தெளிந்தால் கண்ணாடி போட்டால் சரியாகிவிடக்கூடிய குறைதான். தெளியவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது என்று தேடுவார்கள். கண்ணை இடுக்குகிறவர்கள் இந்தப் பரிசோதனையைத் தினமும் தாங்களாகவே செய்துகொள்கிறார்கள். முடிவைத்தான் வீட்டில் சொல்வதில்லை.

முதலில் எழுத்து அட்டை. மேலே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்துகள். இதைச் செய்தவர் ஹெர்மன் ஸ்நெல்லன், நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரக் கண் மருத்துவர். ஆண்டு 1862. அவருக்கு முன்னாலும் டாக்டர்கள் எழுத்தைக் காட்டித்தான் கேட்டார்கள். ஆனால் ஆளுக்கொரு அட்டை, ஆளுக்கொரு அளவு. ஓர் ஊர் டாக்டர் சொன்னது இன்னோர் ஊர் டாக்டருக்குப் புரியாது. ஸ்நெல்லன் எழுத்தைக் கோணத்தால் அளந்தார். ஒரு பாகையை 60 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு கலை. எழுத்தின் ஒவ்வொரு கோடும் கண்ணில் ஒரு கலைக் கோணம் பிடிக்க வேண்டும், முழு எழுத்தும் ஐந்து கலை. 6 மீட்டர் தூரத்தில் கணக்குப் போட்டால் அந்த எழுத்தின் உயரம் ஏறக்குறைய 8.7 மில்லிமீட்டர் வரும். அதைப் படித்துவிட்டால் 6/6. அட்டையின் உச்சியில் இருக்கும் பெரிய எழுத்து அதைப்போல் பத்து மடங்கு. சாதாரணக் கண் அதை 60 மீட்டரிலிருந்தே படித்துவிடும். நீங்கள் 6 மீட்டர் வரை வந்தால்தான் அது மட்டும் தெரிகிறது என்றால் 6/60. அமெரிக்காக்காரர்கள் அடிக் கணக்கில் 20/20 என்பதும் இதே 6/6தான்.

6 மீட்டர் நீள அறை எல்லா இடத்திலும் இருக்காது. அதனால் அட்டையை உங்கள் தலைக்குப் பின்னால் மாட்டி, எதிரே கண்ணாடியில் பார்க்கச் சொல்லும் இடங்களும் உண்டு. எழுத்து தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு நாலு பக்கமும் திரும்பிய ஆங்கில 'E' எழுத்து அட்டை இருக்கிறது. அதன் கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று கையால் காட்டினால் போதும்.

இங்கேதான் பாப்பா ஒரு வேலை பார்த்தாள். வரிசையில் முன்னால் நின்ற பையன் படித்ததைக் காதில் வாங்கி, கடைசி இரண்டு வரிகளையும் மனப்பாடம் செய்துவிட்டாள். முறை வந்ததும் கடகடவென்று ஒப்பித்தாள். பரிசோதித்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பட்டனைத் தட்டினார். அட்டைக்குப் பதில் அங்கே இருந்தது திரை, எழுத்துகள் மாறிவிட்டன. "இப்ப படிங்க."

பாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, அதுதான் எனக்கு வேணும்" என்றார் அந்த அக்கா.

அவர் சொன்னது ஆறுதலுக்காக அல்ல. அந்த அறையில் நடப்பது உங்கள் கண் எந்த வரியில் நிற்கிறது என்ற அளவீடு. வெப்பமானியில் பாதரசம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதில்லையா, அந்த மாதிரி. "தெரியலை" என்பதுதான் அங்கே விடை. நாலாவது வரியோடு நின்றுபோன கண் ஆறாவது வரியை ஊகித்துச் சொன்னால், அந்த ஊகத்துக்கும் சேர்த்து அவர் கணக்குப் போட வேண்டியிருக்கும். இன்னொன்று: ஒரு கண்ணை மூடச் சொல்லும்போது உள்ளங்கையைக் குழித்து மூடுங்கள். விரல் இடுக்கு வழியாகப் பார்க்காமல் இருக்கவும், கண்ணை அழுத்தாமல் இருக்கவும்தான். அழுத்தினால் கையை எடுத்தபின் சற்று நேரம் அந்தக் கண்ணே மங்கலாக இருக்கும்.

ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்வதற்குப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் சீட்டைத் தள்ளிப்போடுவதில் உண்மையான ஆபத்து இங்கேதான்.

சில பிள்ளைகளுக்கு ஒரு கண் நன்றாகத் தெரியும், இன்னொன்று மங்கல். இரண்டையும் திறந்துவைத்திருக்கும்போது எந்தக் குறையும் தெரியாது, நல்ல கண் எல்லா வேலையையும் பார்த்துவிடும். மூளையோ மங்கலான படத்தைத் தனக்கு வேண்டாம் என்று ஒதுக்கத் தொடங்கும். நாளாக நாளாக அந்தக் கண்ணிலிருந்து வரும் செய்தியைப் படிக்கவே மூளை கற்றுக்கொள்ளாது. பிறகு சரியான கண்ணாடி போட்டாலும் தெளிவாகத் தெரியாது. சோம்பேறிக் கண் என்று இதைச் சொல்கிறார்கள். பாவம், கண் எந்தச் சோம்பேறித்தனமும் செய்யவில்லை. டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில வாரங்கள் மூடிவைத்துப் பார்த்தார்கள். திறந்தபோது கண் நன்றாகவே இருந்தது. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்கள் மிகக் குறைந்துபோயிருந்தன. பெரிய பூனைகளுக்கு அப்படி மூடினால் ஒன்றும் ஆகவில்லை. பார்வைக்கான மூளை இளமையில்தான் உருவாகிறது என்பது இதிலிருந்து விளங்கியது. அவர்களுக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

சோம்பேறிக் கண்ணுக்கு மருத்துவம் இருக்கிறது. கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டுத் துணியால் மூடி, மற்றக் கண்ணை வேலை வாங்குவார்கள். ஏழு எட்டு வயதுக்குள் செய்தால் நல்ல பலன். பெரிய பிள்ளைகளிலும் ஓரளவு முன்னேற்றம் கிடைப்பதுண்டு. ஆனால் வயது கூடக் கூடக் கஷ்டம். இன்றைக்கே ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரிலிருக்கும் காலண்டரைப் படியுங்கள், பிறகு மற்றக் கண்ணை மூடிக்கொண்டு படியுங்கள். தம்பி தங்கைகளையும் படிக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் தெரிந்தால் அம்மா அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் பெரிய லீவு வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

அடுத்தது ஒரு மெஷின். தாடையை வைத்து, நெற்றியை ஒட்டி, உள்ளே பார்த்தால் நீளமான சாலை, அதன் முடிவில் வண்ண வண்ணமாய் ஒரு பலூன். பலூன் மங்கும், தெளியும். அது மங்கும்போது பிள்ளைகள் பதறுகிறார்கள். வேண்டாம், மெஷின் வேண்டுமென்றேதான் மங்கலாக்குகிறது. பலூன் வெகுதூரத்தில் இருப்பதுபோல் தோன்றினால்தான் கண்ணுக்குள் இருக்கும் தசை தளரும். தளர்ந்திருக்கும் நேரத்தில் அது ஒரு அகச்சிவப்புக் கதிரை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துக் கண்ணின் பவரைக் கணக்கிடும். உங்களுக்கு ஒன்றுமே தெரியாது, வலிக்காது.

சில இடங்களில் காற்று அடிக்கிற மெஷினும் உண்டு. 'பொஃப்' என்று ஒரு காற்று கண்ணில் வந்து மோதும். யாராக இருந்தாலும் துள்ளுவார்கள், சிரிப்பும் வரும். 1972இல் அமெரிக்காவில் அறிமுகமான முறை இது. காற்று கார்னியாவை ஒரு கணம் தட்டையாக்குகிறது. அதற்கு எவ்வளவு விசை தேவைப்பட்டது என்பதிலிருந்து கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் தெரியும். 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை சாதாரணம் என்பார்கள். அதிக அழுத்தம் பார்வை நரம்பை மெல்ல மெல்லக் கெடுக்கக்கூடும், வலியே இல்லாமல். பெரும்பாலும் பெரியவர்களுக்குத்தான் இந்தப் பரிசோதனை. ஆகவே தாத்தா பாட்டியையும் கையோடு கூட்டிப்போவது நல்லது. மூச்சை அடக்கிக்கொண்டும் இமையை இறுக்கிக்கொண்டும் உட்கார்ந்தால் அளவு கொஞ்சம் கூடக் காட்டும். சாதாரணமாக மூச்சுவிடுங்கள்.

புள்ளிப் புள்ளியாய் வண்ண வட்டங்களுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகம் ஒன்றைக் காட்டுவார்கள். ஜப்பான் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917இல் வெளியிட்ட நிறப் பரிசோதனை அது. எண் தெரியவில்லை என்றால் சிவப்பும் பச்சையும் உங்களுக்குப் பிரியவில்லை என்று அர்த்தம். பெண்களைவிட ஆண்களுக்கு இது அதிகம். இந்த இடத்தில் ஜான் டால்டனைச் சொல்லாமல் போக முடியாது. அணுக்கொள்கை பாடத்தில் வருவாரே, அதே டால்டன். தனக்கும் தன் அண்ணனுக்கும் நிறங்கள் மற்றவர்களுக்குத் தெரிவதுபோல் தெரியவில்லை என்று 1794இல் மான்செஸ்டரில் ஒரு சபையில் எடுத்துச் சொன்னார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீல நிறமாக இருக்கும், அதுதான் காரணம் என்பது அவர் ஊகம். நான் செத்த பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள் என்று சொல்லிவைத்தார். 1844இல் இறந்தார், பார்த்தார்கள். திரவம் தெளிவாகவே இருந்தது. ஊகம் தப்பு. ஆனால் கண்ணின் மிச்சத்தைப் பத்திரப்படுத்தி வைத்தார்கள். 1995இல் அதிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பார்த்து, பச்சை ஒளியை உணரும் நிறமிக்கான மரபணு அவரிடம் இல்லை என்று கண்டுபிடித்தார்கள். கண் பரிசோதனையை இவரைவிட அதிகமாகத் தள்ளிப்போட்டவர் இருக்க மாட்டார்.

இனி சொட்டு மருந்து. பாப்பா எல்லாவற்றையும்விடப் பயந்தது இதற்குத்தான். நேர்மையாகச் சொல்கிறேன், எரியும். சோப்பு நுரை கண்ணில் பட்டாற்போல் எரிந்து, அரை நிமிடத்துக்குள் அடங்கிவிடும். மேலே பார்த்துக்கொண்டு கீழ் இமையை இழுத்துக் காட்டினால் சொட்டு நேராக அந்தப் பள்ளத்தில் விழும். தலையை அசைத்தால் கன்னத்தில் விழும், மறுபடி ஊற்ற வேண்டிவரும். அதாவது அசைந்தால் நமக்குத்தான் நஷ்டம்.

அப்படி என்ன அவசியம்? பக்கத்தில் இருப்பதைப் படிக்கும்போது கண்ணுக்குள் சிலியரித் தசை சுருங்கி, விழிலென்ஸைக் குண்டாக்குகிறது. இந்தச் சக்தி பிள்ளைகளுக்கு மிக அதிகம். பத்து வயதுப் பிள்ளை மூக்குக்கு மிக அருகில் வைத்த எழுத்தையும் படித்துவிடும், உங்கள் அப்பாவால் முடியாது. சோதிக்கும்போதும் இந்தத் தசை சும்மா இருக்காது, லென்ஸைக் குண்டாக்கிப் பவர் கணக்கைக் குழப்பிவிடும். இல்லாத கிட்டப்பார்வை இருப்பதுபோல் காட்டலாம், இருக்கிற தூரப்பார்வையை மறைக்கலாம். சொட்டு மருந்து அந்தத் தசையைத் தற்காலிகமாகத் தூங்கவைக்கிறது. கூடவே கண்பாவையும் அகலமாய் விரிகிறது, உள்ளே பார்க்க வசதி. இந்த மருந்துகளில் மூத்தது அட்ரோபின். ஐரோப்பாவில் விளையும் பெல்லடோனா என்ற நச்சுச்செடியிலிருந்து கிடைத்தது. அந்தக் காலத்து இத்தாலியப் பெண்கள் கண் பெரிதாய் அழகாய்த் தெரிவதற்காக அந்தச் செடியின் சாற்றை விட்டுக்கொண்டார்களாம். அழகு கூடியிருக்கலாம், எதிரே வந்தவர் முகம் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் எந்தச் செடியின் சாற்றையும் கண்ணில் விடாதீர்கள். டாக்டர் கொடுப்பது அளந்து சுத்தமாய்ச் செய்த மருந்து.

சொட்டு விட்டபின் கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் காத்திருக்க வேண்டும். நம் ஊர்க் கண்கள் பெரும்பாலும் அடர்ந்த பழுப்பு நிறம். அந்த நிறமி மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வேலை செய்ய நேரம் எடுக்கும், இரண்டு மூன்று தடவை விடுவார்கள். பெஞ்சில் ஒரு வரிசைப் பிள்ளைகள் முகத்தை மேலே தூக்கிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். பாப்பா நடுவில் கண்ணைத் திறந்து என் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "சித்தப்பா, நம்பரே தெரியலை!" குரலில் பயம் போய்விட்டிருந்தது. வீட்டுப்பாடம் எழுத முடியாது என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

பிறகு இருட்டறை. ஒரு டாக்டர் கைக்கு அடங்கும் கருவியிலிருந்து கோடு போன்ற ஒளியைக் கண்ணுக்குள் அடித்து, அதை இப்படியும் அப்படியும் ஆட்டினார். ரெட்டினாஸ்கோப் என்று பெயர். கண்பாவைக்குள்ளிருந்து திரும்பி வரும் சிவந்த ஒளி, அவர் ஆட்டும் பக்கமே ஆடுகிறதா, எதிர்ப்பக்கம் ஆடுகிறதா என்பதுதான் கணக்கு. எதிர்ப்பக்கம் ஆடினால் மைனஸ் லென்ஸை முன்னால் பிடிப்பார். ஒளி ஆடுவதே நின்று, பாவை முழுதும் ஒரே வெளிச்சமாய் நிரம்பும் லென்ஸ் எதுவோ, அதிலிருந்து பவர் கிடைத்துவிடும். நோயாளி வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. பேசத் தெரியாத கைக்குழந்தைக்கும் கண்ணாடி எழுதிக் கொடுப்பது இப்படித்தான். மனப்பாடம் செய்தாலும் தப்பாகச் சொன்னாலும் கண் தன் பதிலைத் தானே சொல்லிவிடும்.

கண்பாவை ஏன் கறுப்பாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? உள்ளே போகும் ஒளியில் கொஞ்சம் திரும்பித்தான் வருகிறது. ஆனால் வந்த வழியே, விளக்கை நோக்கியே திரும்புகிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் விளக்கு இருக்கும் இடத்தில் நம் கண் இருக்க வேண்டும். தலையைக் கொண்டுபோனால் விளக்கு மறைந்துவிடும். ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இந்தச் சிக்கலை அவிழ்த்தார். மெல்லிய கண்ணாடித் தகட்டைச் சாய்த்துவைத்து, விளக்கொளியை அதில் பட்டுக் கண்ணுக்குள் போகச்செய்து, அதே தகட்டின் ஊடாகத் தான் பார்த்தார். உயிருள்ள மனிதரின் விழித்திரை கண்ணுக்குத் தெரிந்தது. 1851இல் இதை வெளியிட்டார். இன்று எழும்பூரில் இருக்கும் சென்னை அரசு கண் மருத்துவமனை 1819இலேயே தொடங்கிவிட்டது. அப்படியென்றால் அங்கே முதல் முப்பது ஆண்டுகள் வைத்தியம் பார்த்த டாக்டர்கள் யாராலும் அந்தக் கறுப்பு வட்டத்துக்குள் எட்டிப் பார்க்க முடிந்ததில்லை!

உடம்பை அறுக்காமல், ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும் குழாய்களை நேராகப் பார்க்க வசதியான இடம் விழித்திரை. சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் அந்தக் குழாய்களில் விட்டுப்போகும் தடங்களைக் கண் டாக்டர் படித்துவிடுவார்.

இருட்டறையில் டாக்டர் ஒளியை ஆட்டியபோது பாப்பா கத்தினாள்: "டாக்டர், மரம் தெரியுது! இலையே இல்லாத மரம்!"

டாக்டர் சிரித்துவிட்டார். அவள் பார்த்தது தன் கண்ணுக்குள் இருக்கும் ரத்தக் குழாய்களின் நிழலை. இந்தக் குழாய்கள் விழித்திரையில் ஒளியை உணரும் செல்களுக்கு முன்னால் கிளை விரித்துக் கிடக்கின்றன. நிழல் எப்போதும் ஒரே இடத்தில் விழுவதால் மூளை அதைக் கண்டுகொள்வதில்லை. விளக்கு பக்கவாட்டில் அசையும்போது நிழலும் இடம் மாறுகிறது, உடனே மூளை விழித்துக்கொள்கிறது. செக் நாட்டு விஞ்ஞானி பர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை விவரித்ததால் பர்கின்யே மரம் என்றே சொல்வார்கள். எல்லோருக்கும் எல்லா நேரமும் தெரியாது. தெரிந்தால் அதிர்ஷ்டம்.

கடைசியில் கனமான ஒரு சட்டத்தை மூக்கில் மாட்டி, லென்ஸ்களை ஒவ்வொன்றாய்ப் போட்டுக் கேட்பார்கள்: "இது நல்லா இருக்கா, முன்னாடி போட்டது நல்லா இருந்துச்சா?" தப்பாகச் சொன்னால் தப்பான கண்ணாடி வந்துவிடுமோ என்று பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் இந்த இடத்தில் வியர்க்கிறார்கள். கவலையே வேண்டாம், அதே கேள்வியை வேறு வேறு விதமாகத் திரும்பக் கேட்டு அவர் சரிபார்த்துக்கொள்வார். சிலிண்டர் பவர் (ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும் பவர்) பார்க்கும்போது இரண்டும் ஒரே அளவு மங்கலாகத் தெரியும் இடத்தைத்தான் அவர் தேடிக்கொண்டிருக்கிறார். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்று நீங்கள் சொன்னதும் அவர் மனதுக்குள் மகிழ்வார்.

பாப்பாவுக்கு வந்தது மைனஸ் 2. அந்த எண்ணுக்கு என்ன பொருள்? 1 மீட்டரை 2 ஆல் வகுத்தால் 50 செண்டிமீட்டர். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு அரை மீட்டர் வரைதான் கூர்மையான உலகம். கரும்பலகை அதற்கு வெகு அப்பால். இவ்வளவுக்கும் அவள் கண் இருக்க வேண்டியதைவிட நீண்டிருப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான். பிறக்கும்போது சுமார் 17 மில்லிமீட்டர் நீளமுள்ள கண், வளர்ந்தபின் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் ஆகிறது. சில கண்கள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் இன்னும் கொஞ்சம் வளர்ந்துவிடுகின்றன. அதுதான் கிட்டப்பார்வை. நீங்கள் செய்த குற்றம் எதுவும் இல்லை.

"கண்ணாடி போட்டா பவர் ஏறிக்கிட்டே போகும்" என்று ஒரு பேச்சு எல்லா வீட்டிலும் உண்டு. நீங்கள் வளரும்போது கண்ணும் வளர்கிறது, அதனால் பவர் ஏறுகிறது. கண்ணாடி போடாவிட்டாலும் ஏறும், நமக்குத்தான் தெரியாது. பவரை வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் ஏறாது என்று நம்பியவர்களும் இருந்தார்கள். மலேசியாவில் பிள்ளைகளிடம் இதைச் சோதித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், குறைவான பவர் போட்டவர்களுக்குத்தான் சற்று வேகமாக ஏறியது. கிட்டப்பார்வை வராமல் தடுக்க உதவும் விஷயம் வேறு: வெளியே பகல் வெளிச்சத்தில் விளையாடுவது. தைவான் பள்ளிகளில் 2010 முதல் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே அனுப்பும் திட்டம் வைத்தார்கள். பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டிருந்த, பார்வைக்குறை உள்ள பிள்ளைகளின் விகிதம் அதன்பிறகு இறங்க ஆரம்பித்தது. அம்மா விளையாடப் போகாதே என்றால் இதைக் காட்டலாம், ஆனால் முழு ஆண்டுத் தேர்வு நேரத்தில் காட்டி என்னை மாட்டிவிடாதீர்கள்.

நீங்கள் போகும்போது தொப்பியோ குடையோ எடுத்துப்போங்கள். பாவை விரிந்திருப்பதால் வெளியே வந்ததும் வெயில் கூசும், அன்று சைக்கிள் ஓட்ட வேண்டாம். பழைய கண்ணாடி இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். தலைவலி வருமா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, வீட்டில் வேறு யாருக்குக் கண்ணாடி என்பதையெல்லாம் டாக்டரிடம் சொல்லுங்கள். படிக்கும் எழுத்து பழையபடி தெரிய ஒரு நாள் ஆகலாம், வலுவான மருந்தென்றால் இன்னும் சில நாள். எத்தனை நாள் என்று வரும்போதே கேட்டு, டீச்சரிடம் சொல்லிவிடுங்கள். அரசுப் பள்ளி முகாம் என்றால் கண்ணாடிக்குக் காசு கேட்பார்களோ என்று தயங்க வேண்டாம், இலவசமாகவே கொடுக்கும் திட்டம் இருக்கிறது, தலைமையாசிரியரிடம் கேட்டால் வழி சொல்வார்.

கண்ணாடி வந்ததும் இரண்டு கையாலும் பிடித்துப் போடுங்கள், கழற்றுங்கள். ஒரு கையால் இழுத்தால் சட்டம் கோணிவிடும். அழுக்கானால் முதலில் தண்ணீரில் காட்டுங்கள், பிறகு மெத்தென்ற துணியால் ஒற்றுங்கள். யூனிஃபார்ம் நுனியால் தேய்க்கக் கூடாது, அதில் ஒட்டியிருக்கும் மண் லென்ஸில் கீறல் போடும். அண்ணியின் முந்தானையாலும் கூடாது. பாப்பாவுக்கு இதை எத்தனை தடவை சொல்வது என்றுதான் தெரியவில்லை.